சுகர் நோட்டில் ஈறுக்கு ஒரு கட்டம்

அம்மாவின் சுகர் நோட்டு நாற்பது பக்க நோட்டு. அட்டை கிழிந்து, ரேஷன் கார்டோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு மஞ்சள் பைக்குள் கிடக்கும். மாதத்துக்கு ஒரு வரியாக சிஸ்டர் எழுதியிருப்பார்: தேதி, பிரஷர், வெறும் வயிற்றுச் சுகர், சாப்பிட்ட பின் சுகர், எடை, கொடுத்த மாத்திரை. இரண்டு இடத்தில் 'கண் பார்க்க வேண்டும்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கும். ஓரிடத்தில் 'பாதம் சரி'. இப்படி ஆறு வருடத்து வரிகள். ஓர் இடத்தில்கூட 'வாய்' என்ற சொல் இல்லை. அந்த ஆறு வருடத்தில்தான் அம்மாவுக்கு ஒன்பது பல் போயிற்று.

மூன்றைப் பிடுங்கினார்கள். மீதி ஆறும் தானாக ஆடி விழுந்தவை. ஒன்று ரசஞ்சோற்றோடு வந்தது. அம்மா அதைத் தட்டின் ஓரத்தில் எடுத்து வைத்துவிட்டு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு எழுந்தாள். "வயசாச்சுல்ல, விழத்தானே செய்யும்" என்றாள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். எட்டாவது பல் போன பிறகு ஒரு பல் மருத்துவர் அம்மாவின் வாயைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது பல்லைப் பற்றி இல்லை. "சுகர் எத்தனை வருஷமா இருக்கு? மூணு மாசச் சராசரி எவ்வளவு?" என்றார். அந்தக் கேள்வியை அதுவரை எந்தப் பல் மருத்துவரும் கேட்டதில்லை. அதேபோல, சுகர் பார்த்த எந்த மருத்துவரும் "வாயைத் திறங்க" என்று சொன்னதில்லை.

இது அம்மாவின் கதை மட்டுமல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்தி, 2023இல் வெளியான ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியே 10 லட்சம் பேர். பெரியவர்களில் தேசிய அளவு 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். மாதா மாதம் அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவர்கள், வீட்டுவாசலில் மாத்திரை வாங்குபவர்கள், தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துப் பார்ப்பவர்கள் எல்லோரும் இதில் அடக்கம். இவர்களுடைய ரத்தம், சிறுநீர், கண், கால் வரை வைத்தியம் வந்து சேர்ந்துவிட்டது. வாய் மட்டும் இன்னும் வேறு யாருடைய வேலையாகவோ இருக்கிறது.

அம்மாவைப் பார்த்த அந்த மருத்துவர் கையில் ஒரு மெல்லிய கருவி வைத்திருந்தார். நுனியில் அரை மில்லிமீட்டர் குண்டு, அதற்குமேல் கறுப்புப் பட்டை. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் அதை மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆழத்தை மில்லிமீட்டர் கணக்கில் சொல்லிக்கொண்டே போனார். உதவியாளர் பெண் எழுதினாள். இரண்டு, மூன்று என்றால் நல்லது. நான்கு என்றால் அங்கே பை விழுந்திருக்கிறது. அம்மாவுக்கு ஐந்து, ஆறு, ஏழு என்று போய்க்கொண்டிருந்தது. பட்டை முழுசாக ஈறுக்குள் மறைந்த இடங்களில் லேசாக அழுத்தினாலே ரத்தம் எட்டிப் பார்த்தது, ஓரிடத்தில் சீழ். "வலிக்குதாம்மா?" என்றார். "இல்லியே" என்றாள். கெடுதலே அதில்தான் இருக்கிறது. சொத்தைப் பல் ராத்திரியில் எழுப்பிவிடும். ஈறு நோய் யாரையும் எழுப்பாமல் எலும்பைக் கரைக்கும்.

வாய் முழுக்க இப்படிப் பை விழுந்தவர்களின் ஈறுக்குள் இருக்கும் புண்ணின் பரப்பை விரித்துப் போட்டால் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஏறத்தாழ ஒரு தீப்பெட்டியின் மேல்பக்கம். சுகர்காரர் ஒருவருடைய காலில் தீப்பெட்டி அகலத்துக்குச் சீழ் பிடித்த புண் இருந்தால் வீடே பதறும், டாக்டர் திட்டுவார், கட்டுப் போட நாள் குறிப்பார்கள். அதே புண் வாய்க்குள், அதுவும் கோடானுகோடிக் கிருமிகளுக்கு நடுவே, வருடக்கணக்கில் இருக்கிறது. உதடு மூடியிருப்பதால் யாருக்கும் தெரிவதில்லை.

சர்க்கரைக்கும் ஈறுக்கும் உள்ள உறவு இருவழிப் பாதை. ரத்தத்தில் சர்க்கரை ஏறி நிற்கும்போது கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களின் வேகம் குறைகிறது. சர்க்கரை ஒட்டிய புரதங்கள் திசுக்களில் படிந்து அழற்சியை ஊதிப் பெரிதாக்குகின்றன. காயம் ஆறத் தாமதமாகிறது. ஆக ஈறு கெடுகிறது. கெட்ட ஈறிலிருந்து அழற்சிப் பொருட்கள் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகின்றன. இன்சுலின் தன் வேலையைச் செய்ய அவை தடையாக நிற்கின்றன. ஆக சர்க்கரை ஏறுகிறது. நார்வேயில் பிறந்த பல் மருத்துவ அறிஞர் ஹரால்டு லோ 1993இலேயே ஈறு நோயைச் சர்க்கரை நோயின் ஆறாவது பின்விளைவு என்று எழுதினார். கண், சிறுநீரகம், நரம்பு, பெரிய ரத்தக் குழாய், ஆறாத புண் என்ற ஐந்தோடு ஆறாவது. அமெரிக்காவின் அரிசோனாவில் சர்க்கரை நோய் மிக அதிகமாக உள்ள பீமா பழங்குடி மக்களிடம் பல ஆண்டுகள் நடந்த ஆய்வுகளில், ஈறு மோசமாக இருந்தவர்களுக்குச் சர்க்கரைக் கட்டுப்பாடு கெட்டதும், இதய நோயாலும் சிறுநீரக நோயாலும் இறப்பவர்கள் கூடுதலாக இருந்ததும் பதிவாகியிருக்கின்றன.

சரி, ஈறுக்கு வைத்தியம் செய்தால் சுகர் குறையுமா? இதில் அளவுக்கு மீறி ஆசை காட்டக் கூடாது. 2013இல் அமெரிக்காவில் 514 பேரிடம் நடந்த பெரிய ஆய்வொன்று, குறையவில்லை என்றது. அந்த ஆய்வில் சிகிச்சைக்குப் பிறகும் நோயாளிகளின் பற்களில் அழுக்குப் படிவு அதிகமாகவே இருந்தது, வைத்தியமே முழுமையாக நடக்கவில்லை என்று மற்ற அறிஞர்கள் மறுத்தார்கள். விவாதம் வருடக்கணக்கில் ஓடியது. 2022இல் காக்ரேன் அமைப்பு அதுவரை வந்த 35 ஆய்வுகளைச் சேர்த்து அலசியது. ஈறுக்கு அடியில் ஆழமாகச் சுத்தம் செய்தவர்களுக்கு, மூன்று மாதச் சராசரி சர்க்கரை எண்ணில், மூன்று நான்கு மாதத்தில் 0.43, ஆறு மாதத்தில் 0.30, ஒரு வருடத்தில் 0.50 புள்ளி குறைந்திருந்தது. பார்க்கச் சின்ன எண். ஆனால் சர்க்கரை வைத்தியத்தில் கூடுதலாக ஒரு மாத்திரை சேர்ப்பதே பல நேரம் இந்த அளவு இறக்கத்துக்காகத்தான். இந்த வைத்தியத்தில் மாத்திரையும் கூடுவதில்லை, பல்லும் மிஞ்சுகிறது. என்னைக் கேட்டால், சர்க்கரையே இம்மியும் குறையாவிட்டாலும் வாயில் சீழோடு ஒருவரை மாதா மாதம் பார்த்து அனுப்புவது சரியில்லை.

மாரடைப்புக்கும் ஈறுக்கும் தொடர்பு உண்டு என்று எங்கும் எழுதுகிறார்கள். இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பது உண்மை. ஈறைக் குணப்படுத்தினால் மாரடைப்பு வராது என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. அதைச் சொல்லி மக்களைப் பயமுறுத்தத் தேவையில்லை. நிரூபணமானவையே போதிய அளவுக்கு இருக்கின்றன.

ஆய்வேடுகளில் அதிகம் பேசப்படாத ஒன்று, மெல்லுவது. சுகர் வந்தவருக்கு நாம் சொல்லும் சாப்பாட்டைப் பாருங்கள்: கீரை, கொண்டைக்கடலை, சுண்டல், நிலக்கடலை, வெள்ளரி, கொய்யா, முழுத் தானியம். எல்லாமே கடித்து மென்று சாப்பிட வேண்டியவை. கடைவாய்ப்பல் போனவர் என்ன சாப்பிடுவார்? குழைந்த சோறு, கஞ்சி, இட்லி, பாலில் ஊறிய ரொட்டி, டீயில் நனைத்த பிஸ்கட். சர்க்கரையை மளமளவென்று ஏற்றும் பட்டியல் இதுதான். அம்மா நிலக்கடலையை விட்டு இரண்டு வருடமாகியிருந்தது எனக்குத் தெரியாது. "டயட் கடைப்பிடிக்கலை" என்று ஒரு முறை அவளைக் கடிந்துகொண்டார்கள். நானும் கூடச் சேர்ந்து கடிந்தேன். அவளுக்கு மனசில்லாமல் இல்லை, பல்தான் இல்லை.

இன்னொன்று உயிருக்கே ஆபத்தானது. பல்வலி வந்தவர் சாப்பிட மாட்டார்; ஆனால் மாத்திரையை மட்டும் தவறாமல் போடுவார். "மாத்திரையை நிறுத்தக் கூடாது" என்று அத்தனை முறை சொல்லி வைத்திருக்கிறோம். கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு படுத்தால் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கும். வேர்த்து, கை நடுங்கி, நினைவு தப்பும். அப்படி மயங்கியவரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் டாக்டரிடம் பல்வலியைப் பற்றிச் சொல்ல நினைக்கவே மாட்டார்கள்.

பிரஷர் மாத்திரையிலும் வாய்க்கு ஒரு சேதி இருக்கிறது. நம் அரசு மருந்தகங்களில் அதிகம் கொடுக்கப்படும் அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். ஈறு உப்பி, பல்லின் மேல் ஏறி, இடுக்கில் சோறு சிக்கி, துலக்கினால் ரத்தம் வரும். மாத்திரை கொடுத்தவருக்கு ஈறு தடித்தது தெரியாது. ஈறைப் பார்ப்பவருக்கு மாத்திரையின் பெயர் தெரியாது. "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்றால் "வெள்ளையா, சின்னதா" என்பதே பதில், நோட்டை யாரும் பல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போவதில்லை. இதய நோய்க்கு ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள், பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காது என்று பயந்து தாங்களாகவே ஒரு வாரம் நிறுத்திவிடுகிறார்கள். ஓரிரு பல்லுக்கு அது பெரும்பாலும் தேவையில்லை. பஞ்சு வைத்து அழுத்தி, வேண்டுமானால் தையல் போட்டு ரத்தத்தை நிறுத்திவிடலாம். நிறுத்திய அந்த வாரத்தில் வரக்கூடிய மாரடைப்பை அப்படித் தையல் போட்டு நிறுத்த முடியாது.

பல் மருத்துவர் பக்கத்திலும் குறை உண்டு. "சுகர் கன்ட்ரோல் பண்ணிட்டு வாங்க, அப்புறம் பல்லப் பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்புவது எங்கும் நடக்கிறது. சுகரைக் கெடுக்கிறவற்றில் அந்த ஈறும் ஒன்று என்கிறபோது, நோயாளி எந்த வாசலில் போய் நிற்பார்? இரண்டு வாசலுக்கும் நடுவே தெருவில்தான் நிற்கிறார். திரும்பி வருகிறவர்கள் குறைவு.

பல் மட்டும் எப்படி இப்படித் தனியாகப் பிரிந்தது? அமெரிக்காவின் பால்டிமோரில் 1840இல் உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி தொடங்கியதிலிருந்து, பல் வைத்தியம் தனிப் படிப்பு, தனிப் பட்டம், தனிக் கட்டடம் என்றே வளர்ந்தது. இந்தியாவில் 1920இல் ரஃபியுதீன் அகமது கல்கத்தாவில் முதல் கல்லூரியைத் தொடங்கினார்; 1948இல் பல் மருத்துவர்களுக்குத் தனிச் சட்டம் வந்தது. தனிக் கவுன்சில், தனிப் பதிவேடு. தொழிலுக்கு அது கௌரவத்தைக் கொடுத்தது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பதிவேட்டைப் பிரித்தபோது நோயாளியின் உடம்பையும் சேர்த்துப் பிரித்துவிட்டோம். நம் மக்களும் அதற்கேற்பப் பழகிக்கொண்டார்கள். பல்வலி நோயாகவே எண்ணப்படுவதில்லை. கிராம்பு வைப்பார்கள், கடுகெண்ணெயில் உப்பைக் குழைப்பார்கள், தாங்க முடியாதபோது பிடுங்குவார்கள். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும், சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்ற பயங்கள் வேறு. இரண்டாவது பயத்துக்குக் காரணம் இருக்கிறது. எலும்பு கரைந்துபோன பல்லைச் சுற்றிக் காரை கல்லாக இறுகி முட்டுக் கொடுத்து நிற்கும். அதை எடுத்ததும் ஏற்கெனவே ஆடிய பல் ஆடுவது தெரிகிறது. பழி சுத்தம் செய்தவர் மேல் விழுகிறது. முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்தால் யாரும் பயப்பட மாட்டார்கள்.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, இதைச் சேர்த்துத் தைக்க வேண்டிய துணியும் நூலும் கையிலேயே இருக்கின்றன. தொற்றா நோய்களுக்கான வேலையை விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களில் பிரஷர் பரிசோதனையோடு முன்னோட்டமாகத் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுக்கக் கொண்டுபோன அனுபவம் நமக்கு உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து வந்த தன்னார்வலர் பெண்கள் வீடு வீடாகப் போய் பிரஷர் பார்க்கிறார்கள், விரலில் குத்திச் சுகர் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். 2024இல் ஐ.நா. விருது கிடைத்தது அந்தத் திட்டத்துக்கு. மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுக்க 'இதயம் காப்போம்' வந்தது. சுகர்காரர் காலுக்குப் 'பாதம் பாதுகாப்போம்' வந்தது. பள்ளிப் பிள்ளைகளின் பல்லுக்குப் 'புன்னகை' வந்தது. பிள்ளையின் பல்லுக்கு ஒரு திட்டம், பாட்டியின் பாதத்துக்கு ஒரு திட்டம். பாட்டியின் பல்தான் இரண்டுக்கும் நடுவில் விட்டுப் போயிருக்கிறது.

வட்டார அளவிலான பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் பல் மருத்துவர் இருக்கிறார், பல் நாற்காலியும் இருக்கிறது. சுகர் சிஸ்டர் உட்காரும் அறையிலிருந்து இருபதடி நடந்தால் போதும். இருபதடிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கும் பழக்கம் இல்லை. வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்காக இப்போதே டார்ச் அடித்து வாயைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். புண்ணும் வெள்ளைப் படலமும் இருக்கிறதா என்று தேடுகிற அதே வெளிச்சத்தில் ஈறும் தெரியத்தான் செய்கிறது. அதை எழுதுவதற்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததை எந்த சிஸ்டரும் பார்க்க மாட்டார். ஒரு நாளில் நூறு பேர் நிற்கும் வரிசையில் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

வீட்டுக்கு வரும் தன்னார்வலர் மூன்று கேள்வி கேட்டால் போதும். "ஈறுல ரத்தம் வருதா பெரியம்மா? பல்லு ஏதாச்சும் ஆடுதா? கடிச்சு மெல்ல முடியுதா?" மூன்றாவது கேள்வியைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். ஆம், இல்லை என்பதை எழுதி, பல் மருத்துவருக்குச் சீட்டு. அவர் சுத்தம் செய்து, துலக்கக் கற்றுக் கொடுத்து, அதே நோட்டில் இரண்டு வரி எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். மறுபக்கம், பல் நாற்காலியில் உட்காரும் ஒவ்வொரு பெரியவருக்கும் பிரஷரும் சுகரும் பார்க்க வேண்டும். நாற்பது வயதுக்காரர் பல் ஆடுகிறது என்று வந்தால், தனக்குச் சுகர் இருப்பதே அறியாதவராக அவர் இருக்கக்கூடும்.

முடியாது என்று சொல்பவர்களுக்கு பிரேசிலைக் காட்டலாம். அங்கே குடும்ப மருத்துவக் குழு என்று ஊருக்கு ஊர் இருக்கிறது. வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளரும் அதில் உண்டு, நம் தன்னார்வலரைப் போல. 2000ஆம் ஆண்டின் இறுதியில் அந்தக் குழுவோடு பல் மருத்துவரைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். 2004இல் 'சிரிக்கும் பிரேசில்' என்ற பெயரில் அதைத் தேசியக் கொள்கையாக்கினார்கள். 2023இல் அரசின் பொதுச் சுகாதாரச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். உலக சுகாதார அமைப்பும் 2021 தீர்மானத்தில் வாய் நலத்தைத் தொற்றா நோய்களோடு சேர்த்தே பார்க்கச் சொன்னது. வாய் நோய் உள்ளவர்கள் உலகில் 350 கோடி பேர் என்று அதன் 2022 அறிக்கை சொல்கிறது. இந்தியாவின் நலவாழ்வு மையங்களுக்கான 12 சேவைகளின் பட்டியலிலும் வாய் நலம் இருக்கிறது. பட்டியலில் இருப்பது வரிசையில் நிற்பவருக்கு வந்து சேரவில்லை.

தடங்கல் எங்கே என்று பல் மருத்துவர்களைக் கேட்டால் நேராகச் சொல்கிறார்கள். பல் பிடுங்கப் பத்து நிமிடம். ஆழமாகச் சுத்தம் செய்ய இரண்டு மூன்று தடவை வரவழைத்து, ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரம். மாதக் கணக்கில் எத்தனை பேரைப் பார்த்தீர்கள் என்று கேட்கும்போது பத்து நிமிட வேலைதான் ஜெயிக்கும். கம்ப்ரஸர் பழுதானால் ஆள் வர வாரக்கணக்காகும். தண்ணீர் நின்றால் நாற்காலியும் நிற்கும். இவை எதுவும் விஞ்ஞானச் சிக்கல் இல்லை. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பல் மருத்துவம் படித்து வெளியே வருகிற மாநிலத்தில் ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. சென்னை, கடலூர், புதுக்கோட்டை என்று மூன்று அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒரு மாவட்டத்தில், ஒரு வட்டாரத்தில், சுகர் நோட்டு உள்ள எல்லோருடைய ஈறையும் ஒரு வருடம் பார்த்து, மூன்று மாதச் சராசரியை முன்னும் பின்னும் எழுதி வைத்தால் போதும். விருதுநகரும் சிவகங்கையும் அப்படித்தான் ஆரம்பித்தன.

அம்மாவுக்கு நான்கு தடவை போய்வர வேண்டியிருந்தது. ஆடிய பல்லில் ஒன்றைக் காப்பாற்ற முடியவில்லை. அதோடு ஒன்பது ஆனது. மீதி நின்றுவிட்டன. பக்கத்துப் பற்களைப் பிடித்துக் கழற்றி மாட்டும் பல் செட் ஒன்று செய்து கொடுத்தார்கள். முதல் வாரம் "இது வாயில கல்லப் போட்ட மாதிரி இருக்கு" என்று கழற்றி டம்ளரில் போட்டுவிட்டாள். இரண்டாவது மாதம் அவித்த கடலையைத் தானாகவே எடுத்துத் தின்றாள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது சராசரி 9.1இலிருந்து 8.3க்கு வந்திருந்தது. நடுவில் மாத்திரையும் மாற்றியிருந்தார்கள். எனவே முழுப் பெருமையையும் ஈறுக்கே கொடுக்க மாட்டேன்.

அந்தப் பல் மருத்துவர் அம்மாவின் நோட்டைக் கேட்டு வாங்கி, கடைசி வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதிக் கொடுத்திருந்தார்: 'ஈறு நோய், சிகிச்சை முடிந்தது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்கவும்.' அடுத்த மாதம் சுகர் பார்க்கப் போனபோது சிஸ்டர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, மேஜை டிராயரைத் திறந்து டார்ச்சை எடுத்தார்.

"வாயைத் திறங்கம்மா."

அம்மா பல் செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். பின்னால் வரிசையில் நின்ற ஒரு பாட்டி எட்டிப் பார்த்து, "எனக்கும் ரெண்டு பல்லு ஆடுது சிஸ்டர்" என்றாள்.